நடைபாவாடை மேல் இறங்கிய விமானம்

என் ஆயுளில் நான் விமானத்தைக் கொண்டுபோய் மோதியது ஒரே ஒரு தடவை. அடுத்தவர் தலை குனியும்படி பொய் சொன்னதும் ஒரே ஒரு தடவை. இரண்டும் ஒரே நாளில், அரை மணி நேர இடைவெளியில் நடந்தன. மோதியதைச் சொல்லி இதுவரை ஆயிரம் பேரையாவது சிரிக்க வைத்திருப்பேன். பொய்யைப் பற்றிச் சென்ற மாதம் வரை மூச்சு விட்டதில்லை.

யுத்தம் வருவதற்கு ஓரிரண்டு வருஷங்களுக்கு முன்பு நடந்தது இது. எனக்கு அப்போது இருபத்து மூன்று வயது. அப்பா மதுரையில் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். பிள்ளையும் கணக்கு வாத்தியாராக வேண்டும் என்று அவர் முழந்தாளிட்டு ஜெபித்துக்கொண்டிருக்க, நானோ சென்னைக்குப் போய் பி.ஏ. முடித்த கையோடு விமானம் ஓட்டவும் கற்றுக்கொண்டு வந்து நின்றேன். கையில் உரிமம், தலையில் தோல் குல்லாய், கழுத்தில் வெள்ளைத் துண்டு. மாசி வீதியில் தார் உருகும் சித்திரை வெயிலிலும் அந்தக் குல்லாயைக் கழற்றாமல் நடந்தேன். (தலை முழுக்க வேர்க்குரு. அம்மா சந்தனம் அரைத்துத் தடவினாள். சந்தனத்தின் மேல் மறுபடியும் குல்லாய்.)

ஓட்டுவதற்கு ஒரு விமானமும் கிடைத்தது. மதுரையில் ஒரு நூல் வியாபாரி, பம்பாய்க்குப் போன இடத்தில் பழைய விமானம் ஒன்றை வாங்கிவிட்டார். இரண்டு அடுக்கு இறக்கை, கூரையில்லாத இரண்டு குழி. ஒருவர் பின்னால் ஒருவராக இரண்டு பேர் உட்காரலாம். ஏன் வாங்கினார் என்று அவருக்கே தெளிவில்லை. எதிர்க்கடைக்காரர் மோட்டார் வாங்கியதுதான் காரணம் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். அவனியாபுரத்துக்குத் தெற்கே ஒரு பொட்டலில் கீற்றுக் கொட்டகை போட்டு, மாட்டைக் கட்டுவதுபோல அதைக் கட்டிவைத்திருந்தார்.

அவருடைய மகன் தங்கராசு என்னோடு படித்தவன். அவனுக்குப் பெண் பார்த்தது தொண்டிக்குத் தெற்கே ஒரு கடற்கரை ஊரில். கல்யாணத்துக்கு மாப்பிள்ளை ஆகாய மார்க்கமாகத்தான் வருவார் என்று முதலாளி சம்பந்தியிடம் சொல்லிவிட்டார். பிறகு என்னைக் கூப்பிட்டனுப்பினார்.

"ஏம்ப்பா அருளானந்தம், அங்க போக எம்புட்டு நேரம் ஆகும்?"

"ஒண்ணேகால் மணி நேரம் மொதலாளி. கார்ல போனா அரை நாளு."

"எம் மகன முழுசாக் கொண்டுபோய்ச் சேத்துருவியா?"

"பூ மாதிரி எறக்குவேன் மொதலாளி."

"அப்ப இதுதான் ஒனக்கு வெள்ளோட்டம். ஊரே பாக்க ஒழுங்கா எறக்கிட்டா வேல ஒனக்கு. ஏதாச்சும் எசகுபிசகு பண்ணுன, பட்டணத்துல இருந்து ஒரு வெள்ளக்காரன வரச் சொல்லிருவேன், ஆமா."

அந்த வேலையை நான் எவ்வளவு விரும்பினேன் என்பதை இப்போது யாருக்கும் புரியவைக்க முடியாது. அது கிடைக்காவிட்டால் எனக்காகக் காத்திருந்தது கரும்பலகை ஒன்றுதான்.

இந்த இடத்தில் விமானத்தைப் பற்றி ஒரே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். சின்ன விமானம் காற்றை எதிர்த்துத்தான் இறங்க வேண்டும். காற்று முன்னாலிருந்து தடுத்தால் சீக்கிரம் நிற்கும். பின்னாலிருந்து தள்ளினால் நிற்காமல் ஓடும். எங்கள் விமானத்துக்கு பிரேக் கிடையாது. எந்தப் பக்கம் இறங்குவது என்று மேலே இருப்பவனுக்குத் தெரிவதற்காகத் தரையில் வெள்ளைத் துணியால் அடையாளம் வைப்பார்கள். நீளமாக ஒரு துணி, அதன் தலையில் குறுக்காக இன்னொரு துணி. கால்பக்கமிருந்து தலைப்பக்கம் நோக்கி இறங்க வேண்டும்.

பெண்ணின் தகப்பனாருக்கு நானே கடிதம் எழுதினேன். நான்கு பக்கம். முதல் மூன்று பக்கங்களில் வான்வழிப் பயணத்தின் மேன்மையையும், அதில் தேர்ச்சி பெற்றவர்கள் தென்னாட்டில் எவ்வளவு குறைவு என்பதையும் விளக்கியிருந்தேன். நான்காம் பக்கத்தில்தான் காரியம். கடலோரத்தில் ஊர்ப்புல்வெளி ஒன்று இருப்பதாகச் சொல்லியிருந்தார்கள். முந்நூறு கஜ நீளம். அதில் ஆடுமாடு நிற்கக் கூடாது. வெள்ளைத் துணி இன்ன மாதிரி விரிக்க வேண்டும். படமும் போட்டிருந்தேன். துணியின் தலைப்பக்கம் காற்று வரும் திசையில் இருக்க வேண்டும், விரித்த பிறகு அதை அசைக்கக் கூடாது என்ற இரண்டு வரிகளை மட்டும் எழுதவில்லை. மறந்துவிட்டேன் என்று சொல்ல ஆசைதான். மறக்கவில்லை, இடம் இல்லை. 'இங்ஙனம், விமானி' என்று பெரிதாகக் கையெழுத்துப் போட்டு, பக்கத்தில் மேகங்களோடு ஒரு விமானமும் வரைந்ததில் தாள் தீர்ந்துவிட்டது. இன்னொரு தாள் எடுத்தால் அழகு கெட்டுவிடும் என்று அப்படியே அனுப்பினேன்.

அந்த ஊரில் ஆரம்பப் பள்ளி வாத்தியார் கடிதத்தை எல்லோர் முன்பும் வாசித்திருக்கிறார். மாப்பிள்ளை வரும்போது வெள்ளைத் துணி விரிக்க வேண்டும் என்று கேட்டதும் எல்லோருக்கும் சட்டென்று விளங்கிவிட்டது. விளங்காமல் என்ன? நடைபாவாடை! வண்டியிலிருந்து இறங்கும் மாப்பிள்ளையின் கால் மண்ணில் படாமல் பந்தல் வரைக்கும் வெள்ளைத் துணி விரிப்பது அவர்களுடைய பழைய வழக்கம். ஊர்ச் சலவைத் தொழிலாளி கருப்பையா அதில் கைதேர்ந்தவர். மாப்பிள்ளை ஒரு துணியைத் தாண்டியதும் அதைச் சுருட்டி எடுத்துக்கொண்டு முன்னால் ஓடி, அடுத்த அடி விழுவதற்குள் மறுபடி விரித்துவிடுவார். தாண்டிய துணி பின்னால் கிடந்தால் ஆகாது. இப்படி விரிப்பவருக்குத் தாலி கட்டுவதற்கு முன்னால் சபையில் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கோடி வேட்டி கொடுப்பார்கள். வேட்டியைவிட அந்தப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதுதான் பெரிது என்று பின்னால் தெரிந்துகொண்டேன்.

கல்யாணத்தன்று விடிந்ததும் கிளம்பினோம். முதலாளியும் உறவுக்காரர்களும் முந்தின நாளே காரில் போயிருந்தார்கள். தங்கராசு பட்டு வேட்டி, பட்டுச் சட்டை, ஜரிகைத் தலைப்பாகை, அதன்மேல் காற்றைத் தடுக்கும் கண்ணாடி, கழுத்தில் ரோஜா மாலை. முன்குழியில் உட்கார்த்தி வாரால் இறுக்கினேன். இரண்டு குழிக்கும் நடுவே பேசிக்கொள்ள ஒரு ரப்பர் குழாய் இருந்தது. மேலே ஏறியதும் தலைப்பாகையின் வால் படபடவென்று என் முகத்தில் அடித்தது. மாலையிலிருந்து ரோஜா இதழ்கள் ஒவ்வொன்றாகப் பிய்ந்து என் வாய்க்குள் வந்தன. மணல் வைகையைப் பிடித்துக்கொண்டே கிழக்கே போனோம்.

குழாயில் தங்கராசின் குரல் கேட்டது. "மாப்ள, கீழ என்னடா ஊரு?"

"மானாமதுரை."

"பஸ் ஸ்டாண்டு இருக்கும்ல? இங்கனயே எறங்கி பஸ்ல போயிருவமாடா?"

"பேசாம ஒக்காருடா. மாப்பிள்ளை மாதிரி இரு."

"மாப்பிள்ளைக்கு பஸ்ஸே போதும்டா."

கடல் தெரிந்ததும் அவனும் அடங்கினான். நீலத்துக்கும் பனங்காட்டுக்கும் நடுவே ஒரு பச்சைத் துண்டு. அவ்வளவுதான் இறங்குதளம். மேலேயிருந்து பார்த்தால் காயப்போட்ட துண்டு மாதிரி இருந்தது. தெற்கு முனையில் பனைமரங்கள், வடக்கு முனையில் பெண் வீட்டுப் பந்தல், பந்தலை ஒட்டி சமையல் கொட்டகை. ஊரே புல்வெளி ஓரத்தில் நின்றது.

முதல் தடவை தாழப் பறந்து தரையைப் பார்த்தேன். இது எல்லா விமானியும் செய்வதுதான், இதில் குற்றம் இல்லை. துணி அழகாக விரிக்கப்பட்டிருந்தது, தலைப்பக்கம் பந்தலைப் பார்த்து. ஆனால் சமையல் கொட்டகைப் புகையும் வடக்கே பந்தலைப் பார்த்துத்தான் சாய்ந்துகொண்டிருந்தது. அப்படியானால் காற்று தெற்கிலிருந்து வருகிறது. துணி சொல்கிறபடி இறங்கினால் காற்று முதுகில் தள்ளும். இது எனக்குத் தெரிந்தது. நன்றாகத் தெரிந்தது. பந்தலுக்கு மேலாக வந்து தெற்கு நோக்கி இறங்க வேண்டும் என்பதும் தெரிந்தது. ஆனால் அப்படி இறங்கினால் பனைமரங்களுக்குப் பக்கத்தில் போய் நிற்போம். அங்கே இரண்டு கழுதைகள் மட்டும் நின்றன. முதலாளியும் சம்பந்தியும் நாகஸ்வரமும் பந்தல் வாசலில். என் வேலைக்கான பரீட்சையை நான் எந்த முனையில் எழுதுவேன் என்று நினைக்கிறீர்கள்?

துணி இருக்கிறது, துணி சொன்னபடி செய்தேன் என்று ஆகிவிடும் என மனத்துக்குள் ஒரு குரல் சொன்னது. அந்தக் குரலை எனக்குப் பிடித்திருந்தது.

இரண்டாவது தடவை தாழப் பறந்ததற்கு ஒரு காரணமும் இல்லை. ஜனங்கள் கையசைத்தார்கள், நானும் இறக்கையை ஆட்டிக் காட்டினேன். மூன்றாவது தடவை, முதலாளி இரண்டு கைகளையும் மேலே தூக்கி ஆட்டுவதைப் பார்த்து, பாராட்டுகிறார் என்று நினைத்து, இன்னும் தாழ்வாகப் பறந்தேன். ('எறங்குடா பாவி, முகூர்த்தம் போகுது' என்று கத்திக்கொண்டிருந்தாராம்.)

அப்போதுதான் தங்கராசு குழாயில் கேட்டான். "மாப்ள, கீழ விரிச்ச துணி நடக்குதுடா."

"என்னது?"

"மொதல்ல அந்தக் கிணத்துக்கு நேரா கெடந்துச்சு. இப்ப பந்தல்கிட்டப் போயிருச்சு. நாலு பேரு தூக்கிட்டு ஓடுறாங்கடா."

உண்மைதான். ஒவ்வொரு தடவை நாங்கள் மேலே கடந்ததும் கருப்பையாவும் அவருடைய ஆட்களும் துணியைச் சுருட்டி ஐம்பது அறுபது கஜம் முன்னால் கொண்டுபோய் விரித்துக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளை தாண்டிவிட்டார் அல்லவா? மரியாதையில் அவர்கள் தவறவில்லை. நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"காத்து மாறுதுடா. அதுக்கேத்தாப்ல மாத்துறாங்க. நல்லாப் பழக்கிருக்காங்க."

இப்படிச் சொல்லிவிட்டு, துணி கிடந்த இடத்தில், முதுகில் காற்றோடு, முந்நூறு கஜத்தில் கடைசி நூறு கஜத்தில் சக்கரத்தை வைத்தேன். வைத்தது என்னவோ பூ மாதிரிதான். அதைச் சொல்லியே தீருவேன். என் வாழ்நாளிலேயே அவ்வளவு மெதுவாகத் தரையைத் தொட்டதில்லை. ஆனால் தொட்ட விமானம் நிற்கவில்லை. பந்தல் பெரிதாகிக்கொண்டே வந்தது. கூட்டம் இரண்டாகப் பிளந்தது. மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தவனுக்கு அப்போது செங்கடல் ஞாபகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. எனக்கு ஞாபகம் வந்ததெல்லாம் வெள்ளைக்காரன்.

பந்தலுக்கும் எங்களுக்கும் நடுவே ஒரே ஒரு மனிதர் நின்றார். கருப்பையா. கையில் துணி. சக்கரம் தரையில் பட்டதைப் பார்த்ததும் ஓடி வந்து, உதறி, எங்களுக்கு முன்னால் கடைசித் துணியை விரித்துவிட்டுத்தான் பக்கவாட்டில் உருண்டார்.

சுக்கானை முழுக்க இடப்பக்கம் மிதித்தேன். பந்தல் தப்பியது. சமையல் கொட்டகை தப்பவில்லை. விருந்துக்காகக் குவித்திருந்த பூசணிக்காய்க் குவியலில் விமானம் மூக்கைக் கொடுத்தது. மூக்கில் சுழன்றுகொண்டிருந்த விசிறிக் கட்டை ஏழெட்டுக் காய்களை வெட்டித் தள்ளிவிட்டு, தானும் ஒடிந்து நின்றது. கீழ் இறக்கை ஒன்று கிழிந்து தொங்கியது. நாகஸ்வரக்காரர் என்ன செய்வதென்று தெரியாமல் கெட்டிமேளத்துக்குச் சைகை காட்டிவிட்டார். மேளம் முழங்கியது.

யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. தங்கராசு பூசணி விதைகளோடு எழுந்து நின்றான். தலைமைச் சமையற்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"நறுக்குனதுதான் நறுக்குனீக, வெதைய எடுத்துப்போட்டு நறுக்கியிருக்கக் கூடாதா தம்பி?"

கூட்டம் சிரித்தது. முதலாளி சிரிக்கவில்லை. விமானத்தை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு என் முன்னால் வந்து நின்றார்.

"அருளானந்தம், என்னப்பா இது?"

நான் வாயைத் திறந்தபோது உண்மையைச் சொல்வதாகத்தான் இருந்தேன். இன்றுவரை அப்படி நம்புகிறேன். வாயிலிருந்து வந்தது இதுதான்: "துணிய நகத்திட்டாங்க மொதலாளி. நகத்தவே கூடாது. கடுதாசில எழுதியிருந்தேன்."

எல்லோரும் வாத்தியாரைப் பார்த்தார்கள். கடிதம் கல்யாண வீட்டு அமளியில் எங்கோ போய்விட்டிருந்தது. அவர் சட்டைப்பையைத் துழாவினார். பிறகு, தான் வாசித்ததில் குறை வந்துவிடக் கூடாதே என்று நினைத்தாரோ என்னவோ, "ஆமா, இருந்துச்சு. கோடு போட்டே எழுதியிருந்துச்சு" என்றார். இல்லாத வரிக்கு அவர் அடிக்கோடும் போட்டுக் கொடுத்தார்.

மாப்பிள்ளையைக் கேட்டார்கள். மூன்று தடவை நான் வித்தை காட்டியதும், துணி நடக்கிறது என்று அவனே எனக்குச் சொன்னதும் அவனுக்குத் தெரியும். "நான் கண்ண மூடிக்கிட்டு இருந்தேன்" என்றான் தங்கராசு. பெண் வீட்டார் அத்தனை பேர் முன்னால் ஒரு மாப்பிள்ளை சொல்லக்கூடிய வார்த்தையா அது? எனக்காகச் சொன்னான்.

பெண்ணின் தகப்பனார் கருப்பையா இருந்த பக்கம் திரும்பிச் சத்தம் போட்டார். கருப்பையாவுக்கு ஐம்பது வயதிருக்கும். உருண்டதில் முழங்கை சிராய்த்து ரத்தம் கசிந்தது. சத்தம் போடுகிறவரை விட்டுவிட்டு என்னிடம் வந்தார். சண்டைக்கு வருகிறார் என்று நான் பின்வாங்கினேன்.

"அய்யா, நீங்க மேல மேல தாண்டிப் போனீக. தாண்டுன துணிய எடுத்து முன்னால விரிக்கிறதுதான் எங்க வழக்கம். அதான் விரிச்சோம். கடுதாசில நகத்தக் கூடாதுன்னு இருந்துச்சாய்யா? எனக்குப் படிப்பு கெடையாது. வாத்தியார் வாசிக்கையில காதுல விழுகலை. இருந்துச்சுன்னா தப்பு எந்தப்புதான்."

அவருக்கு வேண்டியது ஒரே ஒரு வார்த்தை. சந்தேகத்தோடு கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். முதலாளி என் தோளுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார்.

"இருந்துச்சு" என்றேன்.

"அப்பச் சரிங்கய்யா" என்றார்.

முகூர்த்தம் தவறவில்லை. தாலி கட்டும் முன்னால் ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு மரியாதை செய்தார்கள். தச்சரைக் கூப்பிட்டார்கள், பூக்கட்டியவரைக் கூப்பிட்டார்கள், சமையற்காரரைக் கூப்பிட்டார்கள். விமானி என்று என்னையும் கூப்பிட்டு, வேட்டி கொடுத்தார்கள். கருப்பையா பந்தல் ஓரத்தில் சுருட்டிய துணிகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் பெயர் கூப்பிடப்படவில்லை. வாங்கிய வேட்டியை எந்தக் கையால் பிடிப்பது என்று தெரியாமல் நான் நின்றேன். ஆனாலும் கீழே வைக்கவில்லை. விருந்தில் பூசணிக்காய்க் கூட்டு தாராளமாகப் பரிமாறினார்கள். விதை இருந்தது.

வேலை எனக்கே என்று முதலாளி அன்று சாயங்காலமே சொல்லிவிட்டார். ஒடிந்த விசிறிக் கட்டைக்குப் பதில் கட்டை பம்பாயிலிருந்து வருவதற்குள் அவருக்கு விமான ஆசை தீர்ந்துவிட்டது. வந்த விலைக்குத் தள்ளிவிட்டார். பொய் சொல்லிக் காப்பாற்றிய அந்த வேலையில் அதன்பிறகு நான் ஒரு நாள்கூடப் பறக்கவில்லை. அடுத்த வருஷம் அப்பாவின் பள்ளிக்கூடத்திலேயே கணக்கு வாத்தியாராகச் சேர்ந்தேன். அப்பா ஜெபத்தை நிறுத்திக்கொண்டார்.

பத்து வருஷம் கழித்துத் தங்கராசின் மகளுக்குக் காது குத்து என்று அந்த ஊருக்குப் போயிருந்தேன். கருப்பையாவை விசாரித்தேன். "அவரு அந்த வருசமே ஊர விட்டுப் போயிட்டாரே" என்றார்கள். "ஒரு வீட்டுலயும் துணி விரிக்கக் கூப்புடல. மகளோட தூத்துக்குடிப் பக்கம்னு சொன்னாக." தூத்துக்குடி தூரம் இல்லை. நான் போகவில்லை.

போகாதது மட்டுமல்ல. வீட்டில் இந்தக் கதையை நான்தான் விதவிதமாகச் சொல்லிப் பெருக்கினேன். அதில் நான் கெட்டிக்கார விமானி, கருப்பையா துணியைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற கோமாளி. பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அப்படியே வீட்டில் ஒரு பேச்சுவழக்கும் ஏற்பட்டுவிட்டது. கத்தரிக்கோலைக் காணோமா? 'கருப்பையா நகத்திட்டாரு.' சாவியைக் காணோமா? 'கருப்பையா நகத்திட்டாரு.' மூன்று தலைமுறையாக இந்த வீட்டில் தொலைந்த ஒவ்வொரு பொருளுக்கும் அந்த மனிதர்தான் பொறுப்பு. கொள்ளுப்பேத்திக்கு அவர் யாரென்றே தெரியாது. ஏதோ ஒரு பூதம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து எல்லோரும் வீட்டில் கூடியிருந்தபோது உட்காரவைத்துச் சொன்னேன். கடிதத்தில் அப்படி ஒரு வரி கிடையாது, மூன்று தடவை பறந்தது என் டம்பம், காற்றின் திசை தெரிந்தேதான் இறங்கினேன், அந்த மனிதரிடம் முகத்துக்கு நேரே பொய் சொன்னேன் என்று ஒன்றுவிடாமல் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. சரி, உறைத்துவிட்டது என்று நினைத்தேன்.

என் மூத்த மகன் மெதுவாக, "அப்பாவுக்கு வயசாயிருச்சு. கதைய மாத்திச் சொல்றாரு" என்றான்.

மருமகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "கோடு போட்டு எழுதியிருந்தேன்னு நீங்கதான மாமா எப்பவும் சொல்லுவீக?"

"பொய்ம்மா அது."

"சரி மாமா. காலையில மாத்திர போட்டீகளா?"

மாத்திரைச் சீசாவை வழக்கமான இடத்தில் காணோம். அலமாரியில் இல்லை, ஜன்னலில் இல்லை. ஆளுக்கு ஒரு பக்கம் தேட ஆரம்பித்தார்கள். அடுப்பங்கரையிலிருந்து கொள்ளுப்பேத்தி சந்தோஷமாகக் குரல் கொடுத்தாள். "கருப்பையா நகத்திட்டாரு!"

"இல்லம்மா" என்றேன். "நான்தான்."